தலைக்கு ஆறு டிக்கெட், வாங்கியது நான்கு, ரத்தானதும் நான்கு

முன்பதிவு செய்து ஒன்பது நாள் கழித்து, இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்த மின்னஞ்சல் இரண்டே வரிகளில் இருந்தது. “அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் டிக்கெட்டுகள் வாங்கப்பட்டிருப்பதால் உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. டிக்கெட் தொகை உங்கள் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படும்.” நாடகங்களுக்கு இணையவழியில் டிக்கெட் விற்கும் ஒரு சேவையிலிருந்து வந்த கடிதம் அது. அந்தச் சேவையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. என் வழக்கு எனக்கு முடிந்துவிட்டது. ஆனால் அது நடந்த விதமும், அதிலிருந்து நான் மீண்ட விதமும் இத்தகைய எந்தச் சேவையிலும் டிக்கெட் வாங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் அனுபவத்தில் குறை சொல்ல அதிகமில்லை. விற்பனை தொடங்கிய நேரத்தில் காத்திருப்பு வரிசை ஒழுங்காக நகர்ந்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். இருக்கை வரைபடம் தெளிவாக இருந்தது. எந்த இருக்கையின் முன் தூண் இருக்கிறது, எந்த வரிசைக்குப் படி ஏற வேண்டும் என்பதைக்கூட அதில் குறித்திருந்தார்கள். என் தாயாருக்கு மூட்டு வலி உண்டு. படி ஏறாமல் போய் உட்காரவும், நடுவில் காலை நீட்டிக்கொள்ளவும் வரிசையின் ஓரத்து இருக்கைதான் அவருக்குத் தோது. எனவே எச் வரிசையில் ஓரத்திலிருந்து நான்கு இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தேன். திரையின் மூலையில் எட்டு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

தவறு முளைத்த இடம் இதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. வங்கியின் ஓடிபி வரத் தாமதமாயிற்று. வந்ததை உள்ளிட்டபோது எட்டு நிமிடம் தீர்ந்துவிட்டிருந்தது. “உங்கள் நேரம் முடிந்தது, இருக்கைகள் விடுவிக்கப்பட்டன” என்று திரை சொல்லிற்று. மறுபடியும் உள்ளே போனால் எச் வரிசை வேறு யார் கைக்கோ போயிருந்தது. அதற்கு அடுத்த ஜே வரிசையில் அதே ஓரத்தில் நான்கு இருக்கைகள் கிடைத்தன. (எச்சுக்கும் ஜேவுக்கும் இடையில் ஐ என்ற வரிசையே கிடையாது. ஐ என்ற ஆங்கில எழுத்து பார்வைக்கு ஒன்று என்ற எண்ணைப் போல் இருந்து குழப்பும் என்பதால் பல அரங்குகள் அதை விட்டுவிடுகின்றன. எழுத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற ஒரு தொழில் எண்ணில் எப்படிக் கோட்டை விட்டது என்பதே இந்த மதிப்புரையின் விஷயம்.) இரண்டாவது முயற்சியில் பணம் செலுத்தி முடித்து, உறுதிச் சீட்டும் வந்து சேர்ந்தது. வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன: முதல் முயற்சிக்கான தொகையை வங்கி ஒதுக்கி வைத்திருப்பதாக ஒன்று, இரண்டாவது முயற்சிக்கான தொகை கழிக்கப்பட்டதாக மற்றொன்று. ஒதுக்கி வைத்த தொகை மூன்றாம் நாள் தானாக விடுபட்டது. அதற்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை அழிக்காமல் வைத்திருந்தது என் முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எந்தக் குறுஞ்செய்தியையும் நான் அழிப்பதில்லை.

அந்த நாடகத்துக்கு வரம்பு, விற்பனைப் பக்கத்தில் இருந்த சொற்களிலேயே சொன்னால், “ஒரு நபருக்கு ஆறு டிக்கெட்டுகள்”. நான் வாங்கியது நான்கு. எங்கள் வீட்டில் வேறு யாரும் வாங்கவில்லை. கணக்கில் உள்ளே நுழைந்து பார்த்தபோதுதான் ஆர்டர் பட்டியலில் இரண்டு வரிகள் தெரிந்தன. 17 என்று முடியும் ஆர்டர் எண்ணுக்கு எதிரே “பரிசீலனையில்” என்றும், 18 என்று முடியும் எண்ணுக்கு எதிரே “ரத்து” என்றும் இருந்தது. நான்கும் நான்கும் எட்டு. எட்டு ஆறைவிடப் பெரியது. ஆகவே நான் விதியை மீறியவள். இருக்கையை விடுவித்துவிட்ட கணினி, ஆர்டரை விடுவிக்க மறந்துபோயிருந்தது. நடக்காத ஒரு கொள்முதலுக்காக நடந்த கொள்முதலை ரத்து செய்திருந்தார்கள்.

மறுநாள் காலை இதைக் கேட்ட என் தாயார், “நாம காசு குடுத்துத்தானேடி வாங்கினோம்? பின்ன எதுக்குத் திருட்டுத்தனம் பண்ணினவங்களுக்கு எழுதற மாதிரி எழுதியிருக்காங்க?” என்றார். பணம் திரும்பி வந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல என்பதால் அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

இந்த வரம்பு என்ற ஏற்பாட்டின் மீது எனக்குப் பகை கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளின் பெயரில், மனிதக் கை தொடாத மென்பொருளைக் கொண்டு, நல்ல இருக்கைகளைச் சில நொடிகளில் அள்ளிக்கொண்டுபோய்ப் பல மடங்கு விலைக்கு விற்கிற கூட்டம் உண்மையாகவே இருக்கிறது. அதைத் தடுக்கவே அமெரிக்காவில் 2016 டிசம்பரில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 200 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு, விற்பவர் அறிவித்த கொள்முதல் வரம்பைக் காக்கும் தொழில்நுட்பத் தடையை ஏமாற்றித் தாண்டுவதை அது சட்டவிரோதமாக்கியது. அதன் கீழ் முதல் நடவடிக்கைகள் 2021 ஜனவரியில்தான் வந்தன. நியூயார்க்கைச் சேர்ந்த மூன்று மறுவிற்பனை நிறுவனங்கள் மீது அவை எடுக்கப்பட்டன. பிரிட்டன் 2018இல் தன் விதிகளை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, இப்படித் தானியங்கி முறையில் வரம்பைத் தாண்டி வாங்கிய டிக்கெட்டுகளை நுகர்வோரிடம் மறுபடி விற்பதை, எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கத் தகாத வணிக நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. இவையெல்லாம் நியாயமானவை; நானும் கள்ள விலையில் டிக்கெட் வாங்க மனமில்லாமல் வீடு திரும்பியவள்தான்.

ஆனால் அமெரிக்கச் சட்டம் பேசுவது விற்பவர் வெளிப்படையாக அறிவித்த வரம்பைப் பற்றி. வரம்பை அறிவிப்பது என்றால் எண்ணை மட்டும் அறிவித்தால் போதுமா? தலைக்கு ஆறு என்கிறார்கள். எந்தத் தலை என்று சொல்வதில்லை. சேவையின் கணினிக்குத் தலை தெரியாது. அதற்குத் தெரிந்தவை கணக்கு, மின்னஞ்சல், தொலைபேசி எண், கார்டு எண், வீட்டு முகவரி, இணைய இணைப்பின் முகவரி ஆகியவைதான். இவற்றில் எதை அது தலை என்று எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து யார் யாரெல்லாம் ஒரே ஆளாகிவிடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முகவரியைப் பிடித்தால், ஒரே வீட்டில் தனித்தனிச் சம்பாத்தியம் உள்ள அக்காவும் தம்பியும் ஒரே ஆள். ஒரு மாணவர் விடுதி முழுவதும் ஒரே ஆள். இணைய இணைப்பைப் பிடித்தால் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் ஒரே ஆள். கார்டைப் பிடித்தால், கார்டு இல்லாத பெரியவர்கள் நால்வருக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவான் கள்ளச் சந்தைக்காரர்.

இன்னொரு குழப்பம் காலத்தைப் பற்றியது. ஆறு என்பது ஓர் ஆர்டருக்கா, ஒரு நாள் காட்சிக்கா, அல்லது அந்த நாடகம் மேடையில் இருக்கும் மாதங்கள் முழுவதற்குமா? மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நாடகம் பிடித்துப்போய் இரண்டாம் முறை போகிறவர்கள், முதல் தடவை வாங்கியதும் சேர்த்து எண்ணப்படும் என்று கனவிலும் நினைக்கமாட்டார்கள். நான் வாங்கிய பக்கத்தில் இதற்கு விடை இல்லை. பொது நிபந்தனைகளின் பதினோராவது பத்தியில், “வரம்பை மீறியதாக நாங்கள் கருதும் முன்பதிவுகளை முன்னறிவிப்பின்றி ரத்து செய்வோம்” என்று மட்டும் இருந்தது. “நாங்கள் கருதும்” என்ற இரண்டு சொற்களில் முழு அதிகாரமும் அடங்கிவிடுகிறது.

இனி, வாடிக்கையாளர் சேவை. இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி இது. முதல் இரண்டு நாள் அரட்டைப் பெட்டியில் பதில் சொன்னது இயந்திரம். நான் எதை எழுதினாலும் கொள்முதல் வரம்புகளை விளக்கும் பக்கத்தின் இணைப்பையே திரும்பத் திரும்ப அனுப்பியது. மூன்றாம் நாள் ஒரு மனிதர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், “மேடம், பாதுகாப்புக் காரணங்களால் விவரங்களைச் சொல்ல முடியாது” என்று. எந்த அடிப்படையில் எண்ணினார்கள் என்று சொன்னால் மோசடிக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு தப்பிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் என் பெயரில் எத்தனை டிக்கெட் எண்ணப்பட்டது, அவை எந்த ஆர்டர்கள் என்று என்னிடம் சொல்வதால் எந்த மோசடிக்காரருக்கும் எந்தப் பாடமும் கிடைத்துவிடாது.

நான் செய்த பெரிய தவறு, அந்த மூன்று நாளும் நீளமாக எழுதியது. தாயாரின் முழங்கால், எச் வரிசை போன கதை, இத்தனை ஆண்டுகளாக நாடகம் பார்ப்பவள் என்ற பெருமை எல்லாவற்றையும் கொட்டினேன். படிக்கிறவர் எதைச் சரிபார்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் அச்சடித்த பதிலையே அனுப்புவார் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஐந்து வரியில் எழுதினேன். “18 என்று முடியும் ஆர்டர் மட்டுமே நிறைவேறியது. 17 என்று முடியும் ஆர்டருக்கு வங்கி ஒதுக்கிய தொகை மூன்றாம் நாள் விடுவிக்கப்பட்டது. வங்கியின் செய்தி இணைப்பில் உள்ளது. அந்த ஆர்டருக்கு எனக்கு டிக்கெட் எதுவும் வரவில்லை. வரம்பு ஆறு, என்னிடம் இருந்தது நான்கு. நீங்கள் எத்தனை டிக்கெட்டுகளை எண்ணினீர்கள், அவை எந்த ஆர்டர் எண்களில் உள்ளன?” அவ்வளவுதான். இரண்டு நாளில், முதல் முறையாக, வெட்டி ஒட்டாத ஒரு பதில் வந்தது. எட்டு எண்ணப்பட்டதாகவும், முடிவடையாத ஆர்டர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டதாகவும், வருந்துவதாகவும் ஒரு பணியாளர் எழுதியிருந்தார்.

ஆகவே இதே நிலையில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது: எண்ணிக்கையைக் கேளுங்கள். நேர்மையானவர் என்று உங்களை நிரூபிக்கப் பாடுபடாதீர்கள். அதற்கு எந்த ஆவணமும் கிடையாது. எண்ணிக்கைக்கு உண்டு. ஆர்டர் பட்டியலை ரத்தான உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது மாறக்கூடும். என் பட்டியலில் இருந்த “பரிசீலனையில்” என்ற சொல் தவறை ஒப்புக்கொண்ட மறுநாளே மறைந்துவிட்டது. நீங்கள் வாங்கிய நாளில் விதி எந்தச் சொற்களில் இருந்தது என்பதற்கும் ஒரு படம் இருப்பது நல்லது. குடும்பத்தில் வேறொருவரும் வாங்கியிருந்தால் அதை மறைக்காமல், இருவர் பெயரையும் கட்டணம் போன இரண்டு கார்டுகளையும் பிரித்துக் காட்டி எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவர்கள், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, கணினி மட்டுமே எடுத்த முடிவை ஒரு மனிதர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குக் கணிசமான பாதிப்பை உண்டாக்கும் முடிவுகளைப் பற்றிய பிரிவு அது. நான்கு நாடக டிக்கெட் அந்த அளவுக்குக் கனமானதா என்று வாதிட இடமுண்டு. ஆனாலும் ஒரு கோரிக்கையை இயந்திரத்திடமிருந்து மனிதரின் மேசைக்கு நகர்த்த அத்தகைய ஒரு வாக்கியம் உதவும்.

வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திருப்பும் வழியைப் பலர் முதலிலேயே பரிந்துரைப்பார்கள். கார்டு நிறுவனங்கள் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் தருகின்றன. பணமே வராமல் இழுத்தடித்தால் அது சரியான ஆயுதம்தான். எனக்கு வேண்டியிருந்ததோ இருக்கை; வங்கியால் இருக்கையை வாங்கித் தர முடியாது. மேலும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வங்கிக்குப் போனால் சேவை உங்கள் கணக்கை முடக்கிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ளக்கூடும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருங்கள்.

தவறை ஒப்புக்கொண்டார்கள், சரி, இருக்கை? ஜே வரிசையின் நான்கு இடங்களும் ரத்தான அன்று இரவே மறுபடி விற்பனைக்குப் போய், காலைக்குள் விற்றும் போய்விட்டன. அதற்கு ஈடாகச் சேவை கொடுக்க முன்வந்தது மேல்மாடியின் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையை. அங்கே போக நாற்பத்திரண்டு படிகள் என்று அவர்களுடைய வரைபடமே சொல்லியது. இந்த இடத்தில்தான் சேவையை விட்டுவிட்டு அரங்கின் சொந்த டிக்கெட் கவுண்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. டிக்கெட்டை விற்பது இடையில் இருக்கும் சேவையாக இருந்தாலும் கதவைத் திறப்பது அரங்கம்தான். பெரும்பாலான அரங்குகள், கலைஞர்களின் விருந்தினர்களுக்காகவும் இப்படிப்பட்ட குளறுபடிகளைச் சரிசெய்வதற்காகவும் சில இருக்கைகளை விற்காமல் தங்கள் கையில் வைத்திருப்பதுண்டு, தேவைப்படாவிட்டால் கடைசி நேரத்தில் அவற்றை விற்பனைக்கு விடுவார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி, சேவை அனுப்பிய ஒப்புதல் கடிதத்தைத் தமக்கு அனுப்பச் சொன்னார், பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அம்மாவால் எத்தனை படி ஏற முடியும்?” மூன்று என்றேன். எம் என்ற வரிசையில் ஓரத்து இருக்கை இரண்டும், அதற்கு நேர் பின்னால் இரண்டுமாகக் கொடுத்தார். பழைய விலைக்கே.

சேவைக்கு என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இருக்கை வரைபடத்துக்கு ஒன்று, கடைசியில் நேராகப் பதில் எழுதிய அந்தப் பணியாளருக்கு ஒன்று. மற்ற மூன்றையும் கொடுக்காததற்குக் காரணம் கணக்குப் பிழை அல்ல. பிழை எந்தக் கணினிக்கும் வரும். ரத்து செய்வதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கொடுத்து, “உங்கள் பெயரில் எட்டு டிக்கெட் தெரிகிறது, இது சரியா?” என்று கேட்டிருந்தால் இந்தப் பதினைந்து நாள் அலைச்சலில் ஒரு மணி நேரம்கூட நேர்ந்திருக்காது. நாடகத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரு நாள் பொறுப்பதால் அரங்கம் காலியாகப் போய்விடாது. சந்தேகத்துக்குரிய ஆர்டரின் இருக்கைகளை விற்காமல் நிறுத்தி வைக்கவும் அவர்களால் முடியும், எட்டு நிமிடம் நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள்தானே. இந்தச் சேவையில் மறுபடி வாங்குவேனா என்றால், அந்த அரங்கின் கவுண்டரில் நேரடியாகக் கிடைக்காதபோது மட்டும் வாங்குவேன்; பணம் செலுத்தும்போது நேரம் தீர்ந்துவிட்டால், பழைய ஆர்டர் முடிந்துவிட்டதா என்று பட்டியலில் பார்த்த பிறகே இரண்டாம் முறை முயல்வேன்.

ஒரு பாக்கி இருந்தது. டிக்கெட் தொகையைத் திருப்பியவர்கள் சேவைக் கட்டணத்தைத் திருப்பவில்லை. விதிமீறலால் ரத்தானால் அது திரும்பாதாம். மீறலே நடக்கவில்லை என்று அவர்களே எழுதிய கடிதத்தை அவர்களுக்கே இணைத்து அனுப்பினேன். நாடகம் பார்த்து முடித்துப் பதினொரு நாள் கழித்து அந்தப் பணமும் வந்து சேர்ந்தது. அதற்கான மின்னஞ்சலில் டிக்கெட்டுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் இப்போதும் எட்டு என்றுதான் போட்டிருக்கிறது. தொகை மட்டும் நான்குக்கு உரியது.